முதல் அசைக்குச் சலுகை இல்லை

லிண்டஸ்கோ நிறுவனத்தின் பிளானோ கிளையில், டேனிஷ் மொழிக்குப் பொறுப்பான பிரிவில் டேனிஷ் தெரிந்தவர் ஒருவரும் பணியாற்றக் கூடாது என்பது விதி. விதியை வகுத்தவர்களுக்குத் தக்க காரணம் இருந்தது. ஒரு மொழியை அறிந்தவர் அதன்மேல் பற்று வைப்பார். பற்று வைத்தவர் பாரபட்சம் காட்டுவார். பாரபட்சம் காட்டியவரின் முடிவு தணிக்கையில் நில்லாது. ஆகவே கோபன்ஹேகனில் செய்ய வேண்டிய வேலையைக் கடல் கடந்து டெக்சஸுக்கு அனுப்பினார்கள். ஸ்வீடிஷ் தெரிந்தவர்களும் அருகில் வரலாகாது என்று அடிக்குறிப்பு ஒன்றையும் சேர்த்தார்கள்.

ஹம்சாவுக்கு வேலை கிடைத்தது இந்த விதியால்தான். நேர்காணலில் கேட்கப்பட்டது ஒரே ஒரு கேள்வி.

"டேனிஷ் தெரியுமா?"

"தெரியாது."

"கொஞ்சம்கூட?"

"கொஞ்சம்கூட."

எதிரே அமர்ந்திருந்த மூவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்தார்கள். இவ்வளவு தூய்மையான அறியாமை அண்மைக்காலத்தில் தங்களிடம் விண்ணப்பித்ததில்லை என்று அவர்களுள் ஒருவர் பாராட்டினார்.

வேலை இதுதான். லிண்டஸ்கோ, மருத்துவமனைகளுக்குப் பேசும் லிஃப்டுகளையும் பேசும் கதவுகளையும் செய்து தருகிறது. டேனிஷ்காரர்களோ இரண்டு மூன்று சொற்களை இடைவெளியின்றி ஒட்டி ஒரே சொல்லாக எழுதும் வழக்கமுடையவர்கள். தீ, அணைப்பு, கருவி என்னும் மூன்றும் அவர்கள் கையில் ஒற்றைச் சொல்லாகி, சரக்கு ரயிலைப் போல நீண்டு நிற்கும். எந்தப் பெட்டி எங்கே கோக்கப்பட்டிருக்கிறது என்று இயந்திரத்துக்குத் தெரியாது. மனிதர் ஒருவர் அமர்ந்து, கோபன்ஹேகனிலிருந்து வரும் ஒலிப்பதிவைக் கேட்டு, சொல்லை அசை அசையாகக் கோடிட்டுப் பிரித்து, எந்த அசையில் குரல் அழுந்த வேண்டும் என்று குறியிட்ட பின்னரே அது வாய் திறக்கும். இதைச் செய்த பிரிவின் பெயர் அசை மற்றும் அழுத்த ஒழுங்குமுறை மன்றம். உறுப்பினர்கள் முப்பத்தொரு பேர். தலைவர் சுந்தரராமன், மயிலாப்பூரில் பிறந்து, பிளானோவில் பதவி உயர்வு பெற்றவர்.

ஹம்சாவின் தகுதிகாண் காலம் ஒன்பது மாதம். பிப்ரவரி இருபத்தெட்டாம் தேதிக்குள் மன்றம் அவளுக்கு நடுநிலைச் சான்று வழங்கினால் வேலை நிரந்தரம். வழங்காவிட்டால் வேலை போகும். வேலையோடு விசாவும் போகும். அறுபது நாளுக்குள் வேறு வேலை தேடிக்கொள்ளாவிட்டால் ஏப்ரல் இருபத்தொன்பதாம் தேதி குடும்பத்தோடு விமானம் ஏற வேண்டும். மகள் தீக்ஷாவின் பள்ளிப் பட்டமளிப்பு விழா மே இருபத்துமூன்று. கணவன் சாய்ராம் அவளுடைய விசாவைப் பற்றிக்கொண்டு வந்தவன். வேலை செய்ய அனுமதி இல்லாதவன். சமையலறையில் மட்டும் முழு அதிகாரம் பெற்றவன். அவன் இந்த மூன்று தேதிகளையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜின் மேல் ஒட்டியிருந்தான்.

ஹம்சா மயிலாடுதுறையில் பதினோரு ஆண்டுகள் பாட்டுக் கற்றவள். பொருள் தெரியாத ஒலிகளை எண்ண வேண்டியிருந்தபோது அவளுடைய வலக்கை தானாகவே தொடைக்குச் சென்றது. 'ப்ராண்-ஸ்லுக்-னிங்ஸ்-உத்-ஸ்டூர்' என்று ஒலிப்பதிவு சொன்னது. முதல் அசையில் குரல் அழுந்தியது. அவள் உள்ளங்கையால் தட்டினாள். அடுத்த இரண்டுக்குச் சுண்டுவிரல், மோதிரவிரல். நான்காவதில் குரல் லேசாக ஊன்றியது, லேசான தட்டு. கடைசிக்கு மீண்டும் சுண்டுவிரல். கணக்கு முடிந்தது. அவ்வழியே சென்ற சுந்தரராமன் நின்றார்.

"என்ன ஹம்சா, தொடையில என்னமோ பண்றேளே?"

"சும்மா தாளம் போட்டேன் சார். எத்தனை அசைன்னு எண்றதுக்கு ஈஸியா இருக்கும்."

"எங்க, இன்னொரு தடவை?"

அவள் போட்டுக் காட்டினாள். அவர் கண்கள் கலங்கின.

"மை காட். இது தாளம் இல்லம்மா. இது மெத்தடாலஜி."

அடுத்த திங்கட்கிழமை, 'தொடை அடிப்படையிலான அசை உறுதிப்பாட்டு நடைமுறை, பதிப்பு 1.0' என்னும் இருபத்திரண்டு பக்க ஆவணம் வெளியாயிற்று. ஆக்கியோன் சுந்தரராமன். நன்றியுரையில் 'பணியாளர் ஒருவர்' என்று ஹம்சா இடம்பெற்றாள்.

இனி எந்தச் சொல்லையும் தொடை தொடாமல் பிரிக்கலாகாது. உள்ளங்கை நான்கு அங்குல உயரத்திலிருந்து இறங்க வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு சாட்சி வேண்டும். சாட்சியின் தொடை ஓய்வில் இருக்க வேண்டும். இடக்கையர் மனிதவளத் துறையில் பதிவு செய்துகொள்ள வேண்டும். நின்றுகொண்டே வேலை செய்யும் உயர்ந்த மேசை வைத்திருந்த நால்வருக்குத் தொடை கிடைமட்டமாக அமையவில்லை. அவர்களுக்கென உயரமான நாற்காலிகள் தருவிக்கப்பட்டன. தடித்த ஜீன்ஸ் அணிந்து வந்த ரான்டி என்பவரின் தட்டுகள் காதில் விழவில்லை என்று ஒரு வாரத்துச் சொற்கள் முழுவதும் செல்லாதவையாயின. சுவருக்கு அப்பால் இருந்த வரி ஆலோசனை அலுவலகம், உங்கள் நிறுவனத்தில் தினமும் யாருக்கு இத்தனை கைதட்டல் என்று பொறாமையோடு விசாரித்து மின்னஞ்சல் அனுப்பிற்று.

இவை எல்லாம் ஹம்சாவுக்கு வேடிக்கையாக இருந்திருக்கும், மாதாந்திர நடுநிலைத் தேர்வு மட்டும் இல்லாதிருந்தால்.

ஒவ்வொரு மாதமும் கடைசி வெள்ளிக்கிழமை உறுப்பினர்கள் ஒருவர் பின் ஒருவராக ஓர் அறைக்குள் அழைக்கப்படுவார்கள். ஒலிபெருக்கி டேனிஷில் ஒரு வாக்கியம் சொல்லும். எதிரே மூவர் அமர்ந்து முகத்தைக் கூர்ந்து பார்ப்பார்கள். வாக்கியம் எப்போதும் ஒன்றேதான்: 'உங்கள் கார் தீப்பற்றி எரிகிறது.' அதைக் கேட்டு ஜன்னல் பக்கம் திரும்பியவர் டேனிஷ் அறிந்தவர், அன்றே வெளியேற்றப்படுவார். ஒருவர் ஏதோ நினைத்துச் சிரித்துவிட்டார். சந்தேகத்தின் பலனை அவருக்கு அளித்து நார்வேஜியன் பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே சிரிக்க ஒன்றுமில்லை என்று சொல்லப்பட்டது.

முதல் ஆறு மாதம் ஹம்சா அந்த வாக்கியத்தைக் கல்லைப் போல அமர்ந்து கேட்டாள். ஏழாம் மாதம் 'ப்ரெனர்' என்ற ஒலி காதில் விழுந்தபோது அவளுக்கு உள்ளே ஏதோ சுருக்கென்றது. தீயணைப்புக் கருவியின் முதல் பெட்டியான 'ப்ராண்' போல அல்லவா இருக்கிறது அது? எண்ணூறு சொற்களைத் தொடையில் போட்டுப் பார்த்தவளுக்கு, எந்தப் பெட்டி எந்த ரயிலில் திரும்பத் திரும்ப வருகிறது என்பது, வேண்டாம் வேண்டாம் என்றாலும் படிந்துகொண்டிருந்தது. தீ எது, கதவு எது, குழந்தை எது என்று விளங்கத் தொடங்கிவிட்டது. அவள் டேனிஷ் கற்கவில்லை. டேனிஷ் அவளைத் தொற்றிக்கொண்டது. அவள் கண் ஒரு கணம் சிமிட்டியது.

அறையை விட்டு வந்ததும் பக்கத்து மேசைக்காரர் நகுலேஸ்வரன் காப்பிக் கோப்பையோடு அருகில் வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர்; மன்றத்தின் கூட்டக் குறிப்பு எழுதுபவர்; அன்று தேர்வறையிலும் குறிப்பெழுத இருந்தவர்.

"தங்கச்சி, நீங்கள் கண்ணைச் சிமிட்டினதை நான் கண்டனான். அந்த மூண்டு பேரும் காணேல்லை."

"அண்ணா, எனக்கு பயமா இருக்கு. கொஞ்சம் கொஞ்சமா புரிய ஆரம்பிச்சிடுச்சு."

"மெல்லக் கதையுங்கோ. இஞ்ச விளங்காதவைக்கு ஒரு ஆபத்தும் இல்லை. விளங்கினவைக்குத்தான். அடுத்த முறை காஸ்ட்கோவில வாங்க வேண்டிய சாமானை மனசுக்குள்ள எண்ணிக்கொண்டு இருங்கோ. நான் பத்து வருஷமா அப்பிடித்தான்."

"அப்ப உங்களுக்கும் டேனிஷ்…"

"என்னட்டக் கேக்காதேங்கோ. கேட்டா ரெண்டு பேரும் ஃபார்ம் நிரப்ப வேணும்."

அன்று முதல் ஹம்சாவுக்கு நிம்மதி போயிற்று. டோல்வேயில் கார் ஓட்டும்போது ஸ்டியரிங்கில் விரல்கள் எண்ணின. சாப்பாட்டு மேசையில் சாம்பார் ஊற்றிய சாய்ராம் அவள் கையைப் பிடித்து நிறுத்தினான்.

"ஏ, போதும். ரசம் வரைக்கும் வந்துட்ட. எத்தனை சிலபிள் ரசத்துக்கு?"

"நான் என்ன பண்ணட்டும்? கை தானா போகுது."

"அம்மா, யூ ஆர் டூயிங் இட் ஆன் மை லெக் நவ்," என்றாள் தீக்ஷா. "அண்ட் யூ செட் சம்திங் இன் டேனிஷ் டு த பிரஷர் குக்கர்."

சாய்ராமின் முகம் மாறிற்று. "ஹம்சா, விளையாடாதே. இன்னும் ரெண்டு மாசம். எதுவும் புரியாத மாதிரி இரு. இருபது வருஷமா எங்க அம்மா பேசறப்போ இருக்கேல்ல, அந்த மாதிரி."

ஜனவரியில் சுந்தரராமன் அடுத்த சீர்திருத்தத்தைக் கொண்டுவந்தார். ஒரு வரைபடத்தைத் திரையில் காட்டி, அவர் மன்றத்தில் ஆங்கிலத்தில் ஆற்றிய உரையை நகுலேஸ்வரன் குறிப்பேட்டில் அப்படியே பதிந்தார். அதன் தமிழாக்கம் வருமாறு:

"நண்பர்களே, கடந்த காலாண்டில் நாம் வழங்கிய அழுத்தங்களுள் நூற்றுக்குத் தொண்ணூற்றுநான்கு முதல் அசைக்கே சென்றிருக்கின்றன. இதை நாம் இயல்பு என்று ஏற்றுக்கொள்ளப் போகிறோமா? கடைசி அசை என்ன குற்றம் செய்தது? அதுவும் அதே சொல்லில்தான் உழைக்கிறது. டேனிஷ் மொழி பல நூற்றாண்டுகளாக இப்படி நடந்துகொள்கிறது என்று சிலர் கூறக்கூடும். தவறு நெடுங்காலமாக நடப்பதால் நடைமுறை ஆகிவிடாது. தாமதமாக வந்தவர்களுக்கும் இடமளித்த நிறுவனம் இது. நானே இந்தப் பதவிக்குக் கடைசியாகப் பரிசீலிக்கப்பட்டவன். ஆகவே இந்தக் காலாண்டு முதல், நூற்றுக்கு நாற்பது அழுத்தங்கள் பின்வரும் அசைகளுக்கு ஒதுக்கப்படும்."

முப்பது பேர் கைதட்டினார்கள். பழக்கத்தால், தொடையில் தட்டினார்கள்.

ஒதுக்கீட்டின்படி கடைசி அசைக்குச் சென்ற சொற்களுள் ஒன்று 'பொர்-ன-அவ்-டே-லிங்.' குழந்தைகள் பிரிவு என்று பொருள். டென்மார்க்கின் ஒரு சிறு நகரத்து மருத்துவமனையில், தீப்பிடித்தால் குழந்தைகள் பிரிவின் அவசரக் கதவு சொல்ல வேண்டிய அறிவிப்பில் அது இருந்தது. அழுத்தம் கடைசிக்குத் தள்ளப்பட்ட பிறகு இயந்திரம் அதைச் சொல்லிக் காட்டியது. முதலில் நிற்க வேண்டிய 'பொர்', அதாவது குழந்தை, எங்கோ முணுமுணுப்பாகத் தேய்ந்துபோய், 'லிங்' மட்டும் பாத்திரம் விழுந்தாற்போல ஒலித்தது. ஹம்சா எழுந்தாள். சுந்தரராமனின் அறைக்குச் சென்றாள்.

"சார், இந்த ஒரு வார்த்தையை மட்டும் பழையபடி வெச்சுடலாமா? ரெக்கார்டிங்ல அழுத்தம் முதல்லதான் கேக்குது."

"கேக்கறதா, புரியறதா?"

ஹம்சா கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"ஏன் கேக்கறேன்னா, கேட்டா அப்சர்வேஷன். புரிஞ்சா வயலேஷன். நீங்க நல்ல ரிசோர்ஸ், ஹம்சா. இருபத்தெட்டாம் தேதி உங்க சான்று என் டேபிளுக்கு வரது. என்னைக் கஷ்டமான இடத்துல நிறுத்தாதீங்கோ."

"கேட்டுதுதான் சார். புரியல."

"குட்," என்றார் அவர்.

அந்த மருத்துவமனை அறிவிப்பை ஏற்றுக்கொள்ள வேண்டிய நாளும் பிப்ரவரி இருபத்தெட்டாகவே அமைந்தது. மருத்துவமனையிலிருந்து கிர்ஸ்டன் என்னும் தலைமைச் செவிலியர் வந்திருந்தார். உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. அறிவிப்பைக் கேட்டு ஒப்புதல் கையெழுத்திட வந்தவர். ஆனால் அவர் டேனிஷ் அறிந்தவர் ஆதலால் அறிவிப்பைக் கேட்க விதியில் இடமில்லை. கூட்ட அறையின் ஓரத்தில் இருந்த கண்ணாடி அறைக்குள் அவரை அமர்த்தி, துப்பாக்கிப் பயிற்சிக்குச் செல்வோர் அணியும் காதடைப்பானைக் கொடுத்தார்கள். டெக்சஸில் அதற்குப் பஞ்சமில்லை. உறுப்பினர்கள் கேட்டு முடித்ததும் அவர் கையெழுத்திடலாம் என்று சுந்தரராமன் கனிவோடு விளக்கினார். கிர்ஸ்டன் காதடைப்பானை மாட்டிக்கொண்டார்.

மேசையின் தலைப்பக்கம் ஒரு கோப்பு இருந்தது. அதில் ஹம்சாவின் நடுநிலைச் சான்று, கையெழுத்துக்காகத் திறந்து வைக்கப்பட்டிருந்தது. முப்பத்தொரு உள்ளங்கைகள் நான்கு அங்குல உயரத்தில் நின்றன. இயந்திரம் பேசியது.

'தீ' என்றது. பிறகு அவசர வழி என்றது. பிறகு குழந்தைகள் பிரிவு.

முப்பது பேரின் விரல்கள் ஓசையின்றி எண்ணத் தொடங்கிய அந்த இடத்தில், ஒரே ஒரு தட்டு விழுந்தது. பளீரென்று, தனியாக. அதற்குப் பிறகு நான்கு அசைகள் கழித்து, 'லிங்'கில் மன்றம் முழுவதும் தட்டியது.

எல்லோரும் திரும்பினார்கள். ஹம்சா தன் கையைப் பார்த்தாள். பதினோரு ஆண்டுகள் பழகிய தாளம். குரல் எங்கே விழ வேண்டுமோ அங்கே அது விழுந்துவிட்டது. அவளைக் கேட்டுக்கொண்டு விழவில்லை.

"கை வழுக்கியிருக்கும்," என்றார் சுந்தரராமன், ஆங்கிலத்தில், எல்லோருக்குமாக. பிறகு அவள் பக்கம் குனிந்து தமிழில், மெல்ல: "இன்னொரு தடவை போடச் சொல்றேன். எல்லாரோடயும் சேர்ந்து தட்டுங்கோ. சான்று இங்கதான் இருக்கு, பாருங்கோ. பேனாவே திறந்துதான் இருக்கு."

ஹம்சா பேனாவைப் பார்த்தாள். ஃப்ரிட்ஜின் மேலிருந்த தாளைப் பார்த்தாள்; அது இங்கில்லை, ஆனாலும் பார்த்தாள். ஏப்ரல் இருபத்தொன்பது. மே இருபத்துமூன்று. இரண்டுக்கும் நடுவே இருபத்துநான்கு நாள். நகுலேஸ்வரன் தூரத்திலிருந்து உதட்டை அசைத்தார்: 'காஸ்ட்கோ.' அவள் எண்ண முயன்றாள். பால், தக்காளி, பேப்பர் டவல். இடையில் புகை நிறைந்த ஒரு நடைவழி வந்தது. இடுப்பில் ஒரு குழந்தையோடு யாரோ ஒரு செவிலி நின்றுகொண்டு, கதவு என்ன சொல்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

இயந்திரம் மீண்டும் பேசியது. இம்முறை கை தானாகப் போகவில்லை. ஹம்சா அதை உயர்த்தினாள். நான்கு அங்குலத்துக்கு மேலேயே உயர்த்தினாள். முதல் அசையில் அடித்தாள்.

கண்ணாடி அறைக்குள் நாற்காலி ஒன்று சாய்ந்தது. ஒரு சொல்லும் கேளாத கிர்ஸ்டன், அறிவிப்பை எழுதிக் கொடுத்தவர்களுள் ஒருவராதலால் அதை உதட்டுக்குள் சொல்லிக்கொண்டே கைகளைப் பார்த்திருந்தார். காதடைப்பானைக் கழற்றிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"இந்தப் பெண்மணி எங்கள் வார்டின் பெயரைச் சொல்கிறார்," என்றார். "மற்றவர்கள் எல்லாரும் என்ன செய்கிறீர்கள் என்று எனக்குத் தெரியவில்லை."

"அம்மையீர்," என்றார் சுந்தரராமன், "தங்களுக்கு டேனிஷ் தெரியும். ஆகவே தங்கள் கருத்தை எங்களால் ஏற்க இயலாது."

"நல்லது. அப்படியானால் என் கையெழுத்தையும் ஏற்க வேண்டாம்."

மன்றம் மூன்று மணி நேரம் அவசரமாகக் கூடியது. ஹம்சா வெளியே அமர்ந்து, தன் மேசையிலிருந்த ரோஜாப் பூந்தொட்டியையும் தண்ணீர்க் குடுவையையும் அட்டைப் பெட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். உள்ளே சுந்தரராமன் சொன்னதை நகுலேஸ்வரன் பின்னர் அவளுக்குக் குறிப்பேட்டிலிருந்தே படித்துக் காட்டினார்:

"நமக்கு வேண்டியது சரியான உச்சரிப்பு. ஆனால் அது சரி என்பது நமக்குத் தெரிந்துவிடக் கூடாது. தெரிந்துவிட்டால் நாம் நடுநிலை இழந்தவர்களாவோம். ஆகவே, தெரிந்த ஒருவரை, நமக்குத் தெரியாத தூரத்தில் வைத்துக்கொள்வதே முறை. இது நான் நெடுநாளாகச் சிந்தித்துவந்த ஏற்பாடு."

அன்று மாலை ஹம்சாவுக்கு நடுநிலைச் சான்று மறுக்கப்பட்டது. அதே தாளின் மறுபக்கத்தில், 'அங்கீகரிக்கப்பட்ட பாரபட்சர்' என்னும் புதிய பதவியில் அவள் நிரந்தரமாக நியமிக்கப்பட்டிருந்தாள்.

மார்ச் முதல் அவள் கண்ணாடி அறைக்குள் காதடைப்பானோடு அமர்ந்தாள். கையில் சொற்பட்டியல் இருக்கும். அவள் தன் தொடையில் தட்டுவாள். வெளியே முப்பது பேரும் அவளுடைய தொடையைப் பார்த்து, கண நேரம் கழித்துத் தாங்களும் தட்டுவார்கள். 'மன்றம் ஒருமனதாக முடிவு செய்தது' என்று நகுலேஸ்வரன் எழுதுவார். கடைசி அசைகளின் ஒதுக்கீடு ஆய்வுக் குழு ஒன்றுக்கு அனுப்பப்பட்டு அங்கே நலமாக இருந்தது. குழந்தைகள் பிரிவின் கதவு குழந்தையை முதலில் சொல்லத் தொடங்கியதென்று கிர்ஸ்டன் ஒரு வரி எழுதியிருந்தார். அது டேனிஷில் இருந்தபடியால் ஹம்சாவைத் தவிர ஒருவரும் படிக்க அனுமதிக்கப்படவில்லை.

பாரபட்சத்தை அவள் மாதந்தோறும் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கடைசி வெள்ளிக்கிழமை ஒலிபெருக்கி, உங்கள் கார் தீப்பற்றி எரிகிறது என்று சொல்லும். அவள் எழுந்து ஜன்னலருகே சென்று, எரியாத காரைப் பார்த்துவிட்டு வந்து அமர்வாள். மூவரும் குறித்துக்கொள்வார்கள்.

மே இருபத்துமூன்றாம் தேதி பள்ளி விளையாட்டரங்கில் பட்டமளிப்பு விழா நடந்தது. பெயரைச் சரியாக அழைப்பதற்காகப் பள்ளி ஒவ்வொரு மாணவருக்கும் ஓர் அட்டை கொடுத்திருந்தது. பெயரை அசை அசையாகக் கோடிட்டுப் பிரித்து, அழுத்த வேண்டிய இடத்தைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும். தீக்ஷா அதை எழுதி அம்மாவிடம் நீட்டி, "செக் திஸ். யூ டூ திஸ் ஃபார் எ லிவிங்," என்றிருந்தாள். அறிவிப்பாளர் அட்டைகளைப் பார்க்காமலே வாசித்துக்கொண்டிருந்தார். அவர் வாயில் அகப்பட்டு நொறுங்கிய பெயர்களுக்கெல்லாம் ஹம்சாவின் கை தொடையின் மேல் துடித்தது.

"இங்க வேண்டாம்," என்றான் சாய்ராம். "ஊரே பாக்கறது."

எஸ் வரிசை வந்தது. அறிவிப்பாளர் நின்று, கண்ணாடியைச் சரிசெய்து, முதல்முறையாக ஓர் அட்டையைப் பார்த்தார். தீக்ஷா சாய்ராம் என்றார். அழுத்தம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. ஹம்சாவின் உள்ளங்கை தொடையில் விழுந்தது. சாய்ராம் அவளைத் தடுக்கவில்லை, அவன் எழுந்து நின்று கத்திக்கொண்டிருந்தான்.

பின் வரிசையிலிருந்து, ஓர் அசை தாமதமாக, இன்னொரு தட்டு கேட்டது. யார் என்று அறிய ஹம்சா திரும்ப வேண்டியிருக்கவில்லை. ஆனால் அவரே முன்னால் குனிந்துவிட்டார். ஒரு கையில் கேமரா. மறு கை தன் முழங்காலுக்கு மேல் நான்கு அங்குலத்தில் தயாராக இருந்தது.

"ஹம்சா," என்றார் சுந்தரராமன், குரலைத் தாழ்த்தி, "அடுத்தாப்ல எங்க பையன் ஷ்ரேயஸ் வரான். கையைக் கொஞ்சம் ஒசத்தி வெச்சுக்கோங்கோ. இங்கேருந்து எனக்குத் தெரியல."